பதினெட்டுக்குப் பத்து மாதம்

இன்று காலை நந்தனம் மைதானத்தில் ஒரு பெண் முழங்காலில் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டாள். அந்த நெடி ஏறியதுமே உன் ஞாபகம். கூடைப்பந்து லீக் கூட்டத்துக்கு நேரமாகியும் படிக்கட்டில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டியதை இன்னும் பேசி முடிக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரே பள்ளி, ஒரே கூடைப்பந்து அணி. நான் பந்தைக் கொடுப்பவள், நீ கூடையில் போடுபவள். பதினேழு வயதில் ஆறடி இருந்தாய். புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக்கிலிருந்து ஓர் அணி உன்னைத் தேடி வந்தது. பதினெட்டு நிறைந்தால்தான் ஒப்பந்தம் என்பது விதி. உனக்குப் பத்து மாதம் குறைந்தது.

நானும் இருந்தபோது அந்த அணியின் மேலாளர் உன் வீட்டுக்கே வந்தார். "வேற பர்த் சர்டிபிகேட் ரெடி பண்ணிடலாம்மா. யாரும் நோண்டிப் பாக்க மாட்டாங்க." தி.நகர் புடவைக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் உன் அம்மா உன் முகத்தைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய்.

அவர் போனதும் சொன்னேன்: "பொய் சர்டிபிகேட் குடுத்தா நானே லீக்ல சொல்லிடுவேன்."

"நெஜமாவா?"

"ஆமாண்டி."

பந்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டினாய். பிறகு, "சரி, உடு. பத்து மாசம்தானே" என்றாய்.

மாட்டிக்கொண்டால் உன் ஆட்டமே முடிந்துவிடும் என்று பயந்தேன். அது உண்மை. நீ போய்விட்டால் நான் தனியாகிவிடுவேன் என்று பயந்ததும் உண்மை. இரண்டாவதை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அணிக்காரர்கள் அதன்பிறகு எட்டிப்பார்க்கவில்லை. பள்ளியின் சிமெண்ட் தரையிலேயே குதித்துக்கொண்டிருந்தாய். ஏழாவது மாதம், பந்துக்கு எகிறி இறங்கும்போது முழங்கால் திருகிக்கொண்டது. மூட்டைப் பிணைக்கும் லிகமெண்ட் அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே அழுதேன். நீ அழவில்லை. "ரூலு கரெக்ட்டுதான்டி. காத்துக்கினு இருன்னாங்க. எங்க காத்துக்கினு இருக்கணும்னு யாரும் சொல்லல" என்றாய். அப்புறம் உன்னால் முன்போல் எகிற முடியவே இல்லை. அடையாறில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். போன வருடம் ஒரு காய்ச்சல், நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்றைய கூட்டம் லீக்கின் ஒப்பந்த வயதைப் பதினாறாகக் குறைக்கலாமா என்பதற்காக. வீராங்கனைகள் சார்பில் பேச, பழைய ஆட்டக்காரி என்று என்னை அழைத்திருந்தார்கள். "திறமைக்கு ஏதும்மா வயசு?" என்றார் ஒருவர். எழுந்து நின்றேன்.

"வயசைக் குறைக்காதீங்க. ஆனா ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுத்த அன்னைக்கே அவ உங்க பொறுப்பு. பதினெட்டு ஆகுற வரைக்கும் நல்ல தரை, டாக்டர், படிப்பு, எல்லாத்தையும் அந்த அணிதான் பாத்துக்கணும்."

பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் தாளில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து அண்ணா சாலையில் நெடுந்தூரம் நடந்தேன். யாருக்காகப் பேசினேன்? வரப்போகும் பெண்களுக்காகவா, என்னைத் தேற்றிக்கொள்ளவா? விதி சரி என்றாய். நான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ ஒருநாளும் சொல்லவில்லை. திட்டியாவது இருக்கலாமேடி.