செம்பருத்தியில் ஒரு கூடு

கொண்டாப்பூர்,
ஜூலை 2006

தாரு,

நீ திருநெல்வேலிக்குப் போய் ஐந்து வாரமாகிறது. போனில் சாப்பாட்டையும் மழையையும் பற்றி மட்டுமே பேசுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. நீ இருந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்திருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கடுமையான மருந்தாக வாங்கி, சனிக்கிழமை செடி முழுக்க அடித்தேன். உள்கிளையில் தேன்சிட்டுக் கூடு தொங்கியதைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு குஞ்சுகளும் செத்துக் கிடந்தன.

கீழ்வீட்டு வேதா மாமி எட்டிப் பார்த்தார். "மருந்து பட்ட பூச்சியைத்தான் தாய் ஊட்டியிருக்கும். அதுக்கென்னப்பா தெரியும்?" என்றார்.

குஞ்சுகளைப் புதைத்துவிட்டேன். தாய்ச்சிட்டு இன்றும் வந்தது. அலகில் ஒரு சிலந்தியோடு கூட்டைப் பற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. போகிறது, மறுபடி வருகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் அதன் குரல் கேட்கிறது. ஆபீசில்கூடக் கேட்கிறது.

கூட்டைப் பிய்த்துவிட்டால் வராது என்றார் வாட்ச்மேன். கையை நீட்டினேன், முடியவில்லை.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வருவதற்குள் தொட்டிலைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டேன். பார்த்தால் அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. அது இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

குட்டிச் சட்டைகள் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன் அல்லவா, அது பொய். என்னால் முடியவில்லை, தாரு.

உன்னவன்