ஏழாம் நம்பர் மனையில் என் வீடு

அடியே,

சர்வேயர் வந்து போய் மூன்று வாரமாகிறது. அவர் கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் நேற்றுப் பெய்த மழையில் நனைந்து, காலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று மணத்தது. உடனே உன் ஞாபகம்தான். நீ போய் ஒரு வருஷமாக உன்னோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்கே தெரியும்.

சிறுசேரியில் ஒரே ஐ.டி. கம்பெனியில், ஒரே மாடியைத் துடைத்தவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமையானால் மனை காட்டக் கூட்டிப்போகும் இலவச வேனில் கேளம்பாக்கத்தில் ஏறிவிடுவோம். மனை வாங்குகிற யோசனையெல்லாம் அப்போது கிடையாது, மதியம் தருகிற பிரியாணிக்காகத்தான் போனோம். ஆனாலும் கட்டுவது பட்டுப்புடவை. "எங்க வூட்டுக்காரு துபாய்ல கீறாரு சார், ரெண்டு மனை சேந்தாப்பல கெடைக்குமா?" என்று நீ கேட்ட மாத்திரத்தில் நமக்கு முன் சீட்டு கிடைத்துவிடும். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருஷம். அவரைத் துபாய்க்கு அனுப்பி வைத்தது உன் வாய்தான். நோட்டீஸில் "மகாபலிபுரம் பத்தே நிமிடம்" என்று போட்டிருந்தால் என் காதோரம் வந்து, "பறந்து போனா" என்பாய். ஒரு லெக் பீஸுக்காக அச்சரப்பாக்கம் வரைக்கும் போய் வந்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இந்த நகரைக் காட்டிய அன்றைக்குத்தான் நீ பிரியாணியைத் தொடவில்லை. ஷாமியானாவை விட்டு எழுந்துபோய் வெயிலில் நின்றாய். அது வயலாக இருந்த இடம், வரப்புகள் இன்னும் அழியவில்லை. பக்கத்தில் வந்து என்னடி என்று கேட்டேன்.

"எங்கம்மா இந்த மாரி வரப்புல ஒரு நிமிசம் குந்தறதுக்குக்கூட ஆள கேட்டுகினு நிக்கும்டி. நாம யாரையும் கேக்காத குந்தணும். நம்ம பேர்ல வாங்கலாமாடி?"

என் அம்மாவும் ஊரார் வயலில் நாற்று நட்டவள்தான். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷம் தவணை கட்டினோம். ஏழாம் நம்பர் உனக்கு, எட்டாம் நம்பர் எனக்கு. பத்திரம் கையில் வந்த அன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் அழவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது பொய்.

முதலில் வீடு கட்டக் கிளம்பியவள் நான். அதற்குள் இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி, பாதி எல்லைக் கற்களைக் காணவில்லை. நகரின் வாசல் வளைவிலிருந்து மனைகளை எண்ணிக்கொண்டே வந்து, எட்டாவது இதுதான் என்று நின்றேன். பூமி பூஜைக்குத் தேங்காய் பழத்தோடு வந்த நீ தயங்கினாய்.

"இன்னாவோ டவுட்டா கீதுடி. முன்னாடி தண்ணி டேங்குக்கு வுட்ட எடத்தயும் நீ ஒரு மனையா எண்ணிட்டியோன்னு தோணுது. ஒரு வாட்டி அளந்துடலாமே."

மேஸ்திரி நிற்கிறார், ஐயர் நிற்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் மொதல்ல கட்றேன்னு உனுக்கு வயித்தெரிச்சல்" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். நீ தேங்காயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஆறு மாதம் பேச்சில்லை. ஒரே பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தரை துடைத்தோம். கிரகப்பிரவேசத்துக்கு நீயே வந்தாய், ஒரு குத்துவிளக்கோடு. "வுடுடி, பக்கத்துப் பக்கத்துலதான கீறோம்" என்றாய், அவ்வளவுதான். நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். நம்மிடையே அதுவே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கட்டுவதற்குள் சர்க்கரை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது நம் நகரைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. விடியும் முன்பே சிறுசேரிக்குக் கேப்கள் வரிசையாகப் போகின்றன. அணுபுரத்தில் அணுசக்தித் துறை வேலையிலிருந்து ரிட்டையர் ஆன ஒரு சார் மூன்றாவது தெருவில் வீடு கட்டி, வாசலெல்லாம் செம்பருத்தி வைத்திருக்கிறார். திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி எதிர் வீட்டில், ஈரோட்டுக் குடும்பம் பின் வீட்டில். வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது, அதில் பாதி நேரம் நாய்ச் சண்டை, மீதி நேரம் குப்பை வண்டி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் காற்று வந்துவிடும். பெண்களெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கிறோம். ஆமாம், நானும்தான் ஷூ போடுகிறேன், சிரிக்காதே.

உன் மகள் தேன்மொழி, நாம் துடைத்த அந்தக் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். படூரில் வாடகை வீடு. ஏழாம் நம்பரை விற்றுவிட்டு ஃப்ளாட் வாங்கலாம் என்று யோசித்து, "எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க சித்தி" என்று என்னிடம் ஒப்படைத்திருந்தாள். வாங்க வந்தவர், அளந்து காட்டினால்தான் அட்வான்ஸ் என்றார். அதற்காக வந்தவர்தான் அந்த சர்வேயர். வளைவிலிருந்து டேப் பிடித்துக்கொண்டே வந்து, சுண்ணாம்புக் கோட்டை என் வீட்டைச் சுற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யம்மா, ஏழு இதுதான். நீங்க குந்திகினு கீறது அவங்க எடம். உங்க எட்டு அதோ, அந்த முள்ளு."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப இன்னா பேஜாரு? வாங்கறவருக்கு அந்த முள்ளுக் காலி மனையத்தான் ஏழுன்னு காட்டிட்டுப் போறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். உன்னிடம் மறைத்து என்ன பிரயோஜனம்? தலையாட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இருபது வருஷம் துடைப்பமும் மாப்பும் பிடித்துக் கட்டிய வீடு. உன் மகள் "என் இடம், காலி பண்ணுங்க" என்றால் சட்டப்படி நான் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அன்று தேங்காயை வைத்துவிட்டு நீ திரும்பி நடந்த நடை கண் முன்னால் வந்து நின்றது. இன்னொரு தடவை உன்னைப் பொய்க்காரி ஆக்க என்னால் முடியவில்லை. சர்வேயரை அனுப்பிவிட்டு உன் மகளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றெரிச்சல் என்று நான் கத்தியதையும் விடவில்லை. அவள் கோட்டின் மேலேயே வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிறகு போனை எடுத்து வாங்க வந்தவரிடம், "சார், எடம் விக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"ஏன்டி?"

"எடத்துல வூடு கீது, வூட்டுல நீங்க கீறீங்க. எப்டி விக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே, எட்டை அவள் பேருக்கு மாற்றித் தருகிறேன், அதை விற்றுக்கொள்ளட்டும் என்றேன். அவள் முள்ளுக்குள் செருப்போடு இறங்கி, நடுவில் போய் நின்று, கிழக்கே பார்த்தாள். கடல் காற்று வரும் நேரம் அது.

"இங்கருந்து ஆபீசுக்கு எவ்ளோ நேரம் ஆவும் சித்தி?"

மனை வாங்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி. நோட்டீஸில் எழுதுகிற பதிலைச் சொல்ல எனக்கு மனமில்லை. "ஒரு மணி நேரம் ஆவும். மழ வந்தா ஒன்ற மணி" என்றேன். "பரவால்ல, மூணு நாள் வூட்லருந்துதான வேல" என்றாள்.

போன வாரம் ரிஜிஸ்தர் ஆபீஸில் பரிவர்த்தனைப் பத்திரம் பதிந்தோம். ஏழு என் பேருக்கு, எட்டு அவள் பேருக்கு. முள்ளை வெட்டியாகிவிட்டது, தை பிறந்ததும் அஸ்திவாரம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதுதான் சரி. நான் எண்ணியது தப்பு, பேசியது அதைவிடத் தப்பு. நீ இருந்தபோது ஒரு நாளும் உன்னிடம் சொல்லாத வார்த்தை இது. உனக்குச் சொல்ல முடியாமல் போனதால், இனி எவர் குறை சொன்னாலும் உடனே சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். நேற்று உன் மகள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றாள். "ஆமாம்டி, என் தப்புதான்" என்றேன்.

அவள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, இடது கையால் என் நெற்றியைத் தொட்டு, "சித்தி, ஜுரமா?" என்று கேட்டாள்.