நாற்பத்தொரு கல்வீடுகள்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுறது. நீ உடம்பும் மனசும் தெம்பா இருக்கணும். இங்க உங்கப்பா நல்லா இருக்கார், சாப்பிட்டதும் குறட்டை, ஒரு குறையும் இல்ல. நானும் சௌக்கியம்னு எழுதத்தான் ஆசை, ஆனா பத்து நாளா ஒரு இடத்துல உக்கார முடியல. அடுப்புல பாலை வெச்சுட்டு வாசலுக்குப் போறேன், எதுக்கு வந்தோம்னு தெரியாம திரும்பினா பால் வழிஞ்சு கிடக்கு. போன்ல சொன்னா வேலையை விட்டுடும்மான்னு பாதியிலேயே ஆரம்பிச்சுடுவ, அதான் எழுதுறேன்.

புறவழிச்சாலைக்கு அளவெடுக்க என்னை ஒரு குன்றுச் சரிவுக்கு அனுப்பினாங்க. பழைய சர்வே படத்துல அது வெறும் தரிசு, பாறை. போய்ப் பார்த்தா புதருக்குள்ள வரிசையா கல்வீடுங்க. பலகைக் கல்லை நிறுத்தி, மேல பெரிய கல்லைப் போட்டு மூடி, முன்பக்கத்துல தலை நுழையற அளவுக்கு வட்டமா ஒரு ஓட்டை. செத்தவங்களுக்குக் கட்டினது, ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷம் இருக்கும்னு அப்பாவோட சிநேகிதர், அந்த வரலாற்று வாத்தியார் சொன்னார். எங்க ஜீப் டிரைவர் ஓயாம பேசுறதால ஆபீஸ்ல அவருக்கு மௌனசாமின்னு பேர். அந்த மனுஷன் அரை மணி நேரம் வாயைத் திறக்கல. அப்புறம், மேடம் செருப்பைக் கழட்டிடவான்னு மெதுவா கேட்டார். சாமி கும்பிடாத நானும் கழட்டினேன், ஏன்னு கேக்காதே. ஒவ்வொரு ஓட்டைக்கும் கருவியை வெச்சு திசை பார்த்தேன். நாப்பத்தொண்ணும், ஒரு டிகிரி முன்னப்பின்ன, எதிர்ல ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கற ஒரே இடுக்கைத்தான் பார்க்குது. அந்த மலையும் பள்ளமும் சும்மா கிடக்கல, யாரோ அதை நம்பி இருந்திருக்காங்க.

தரிசு, பாறைன்னு ரெண்டு வார்த்தை எழுத ஒரு வாரமான்னு இன்ஜினியர் கேட்டார். நான் நாப்பத்தொண்ணையும் நம்பர் போட்டு படத்துல ஏத்திக் கையெழுத்துப் போட்டேன். மூணாம் நாள் மெமோ வந்துச்சு, கேக்காத வேலையை ஏன் செஞ்சேன்னு விளக்கம் கேட்டு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, கம்முனு இருந்திருக்கக் கூடாதான்னு உங்கப்பா குதிச்சார். குதிச்சுட்டு அவரே உக்கார்ந்து பதிலை டைப் அடிச்சார், இருக்கிறதை அளந்தேன்னு ஒரே வரி. இப்போ ஃபைல் மேலிடத்துக்குப் போயிருக்கு, தொல்லியல்காரங்க வந்து பார்க்கிற வரைக்கும் ரோடு வேலை நிக்குது. அப்புறம் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியல, என்னை எங்க தூக்கிப் போடுவாங்கன்னும் தெரியல.

மனசு கேக்காம ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு மறுபடி போனேன். கடைசியில இருக்கற கல்வீடு ரெண்டரை அடிதான், குழந்தைக்காத்தான் இருக்கணும். ஆனா மேல மூடின கல்லைத் தூக்க ஆறு ஆளாவது வேணும். அவ்வளவு சின்ன உசுருக்கு அத்தனை பேர் தோள் கொடுத்து, அதே இடுக்கு தெரியற மாதிரி வெச்சுட்டுப் போயிருக்காங்க. அதுக்குப் பக்கத்துல நின்னுதான் உனக்குப் போன் பண்ணினேன். மீட்டிங்ல இருக்கேன், என்னம்மா அவசரமான்னு கேட்டே, ஒண்ணுமில்லன்னு வெச்சுட்டேன். உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரல.

காலையில வெறும் வயித்தோட ஓடாதே, கண் டாக்டரைப் போய்ப் பாரு. போற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

உன் நினைப்பாவே இருக்கும்
அம்மா