வாயாடிச் செடியின் விதை

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதலில். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று முகவரியை நான் வேலை பார்க்கும் நூலகத்தில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறேன், தப்பாக நினைக்காதே. எனக்கும் உனக்கும் அக்கா தங்கைக்கு இருக்கிற வயசு வித்தியாசம்தான், அதனால் என்னைச் சித்தி என்று கூப்பிட உனக்கு வாய் வராதது எனக்குப் புரியாமல் இல்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை. உன் அப்பாவைப் பற்றி எழுத வந்தேன். கடைசி வரி வரை படித்துவிடு, பிறகு கிழித்துப் போட்டாலும் சரி.

நம் தெருவில் இந்த உறைபனியிலேயே கழிவுநீர்க் குழாய் மாற்றினார்கள். வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரமாகத்தான் தோண்டுவோம் என்றார்கள். உன் அப்பாவுக்கு அதிலும் நம்பிக்கை இல்லை, உன் அம்மா வைத்த வாயாடிச் செடி, அதான் நாக்கை நீட்டினாற்போல் பூக்குமே, அது இருக்கும் பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, யாரும் கால் வைத்துவிடக் கூடாது என்று அடையாளம் செய்துவிட்டுத்தான் பஸ் பணிமனைக்குக் கிளம்பினார். நானும் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் குச்சியும் இல்லை பாத்தியும் இல்லை, ஆள் உயரத்துக்குப் பள்ளம். இயந்திரம் ஓட்டியவர் துணி கட்டிய இடத்தில்தான் தோண்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். உன் அப்பா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்மேட்டில் உட்கார்ந்து கையால் கிளறினார். உறைந்த கட்டிகளை வாளி வாளியாகக் கொண்டுவந்து குளியலறையில் கொட்டி, உருகவைத்து வேர் தேடினார். கறுப்பு நூல் மாதிரி ஏதோ கொஞ்சம் கிடைத்தது, அதுவும் அழுகிவிட்டது. அதிலிருந்து பின்கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டை வைத்தால் தள்ளிவைக்கிறார். விரல் வெடித்திருக்கிறது, மருந்து போட விடமாட்டேன் என்கிறார். பணிமனை மேற்பார்வையாளர் ஃபோன் செய்து, நீ இல்லாம ஒரு பஸ்ஸும் கிளம்ப மாட்டேங்குது, வாய்யா என்று கிண்டலடித்துப் பார்த்தார், இவர் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நேற்று அவராகவே வாயைத் திறந்தார். "அவளும் போயிட்டா. பாப்பாவும் போயிட்டா. இப்ப செடியும் போயிடுச்சு. என்கிட்ட எதுவும் தங்காது, நீயும் உன் வழியப் பாத்துக்கோ." பாப்பா என்றது உன்னைத்தான். அதிலிருந்து அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்குத் தெரிந்து அந்தச் செடியின் விதை இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. போன குளிர்காலம் நினைவிருக்கும். விதை போட்ட தொட்டிகளை ஹீட்டர் பக்கத்தில் வைத்து, போர்வை சுற்றி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார், ஒன்றுகூட முளைக்கவில்லை. செத்த விதை, இதை வைத்துக்கொண்டு தினம் அழவா என்று மிச்ச விதையை டப்பாவோடு குப்பையில் போட்டார். நீ எடுத்துத் துடைத்துக்கொண்டு, "அவங்க சொன்னாங்கன்னு போட்டியாப்பா?" என்று கேட்டாய். நான் போடச் சொல்லவில்லை, அதை வழக்காட இன்று நேரமில்லை. நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய், டப்பாவும் உன்னோடு போனது. அந்த விதை சாகவில்லை, நம்பு. நூலகத்தில் இருக்கிற தோட்டப் புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டேன். அந்த ஜாதி விதைக்குக் குளிர்தான் வேண்டுமாம். ஈர மண்ணில் கிடந்து, உறைந்து, உருகி, மறுபடி உறைந்தால்தான் தூக்கம் கலையுமாம். நாம் கதகதப்பாக வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். உன் அறை பேக்கரி அடுப்புக்கு மேலே இருக்கிறது, ஹீட்டரே தேவையில்லை என்று நீ ஃபோனில் சொன்னதை அப்பா சந்தோஷமாகத் தெருவெல்லாம் சொன்னார். அந்தச் சூட்டில் டப்பா இருக்கிறதே என்பதுதான் இப்போது என் கவலை. இன்னொரு கோடையை அது தாங்காது.

இங்கே அனுப்பு என்று கேட்கவில்லை, இது உனக்குக் கிடைத்து, டப்பா இங்கே தபாலில் திரும்பி வருவதற்குள் குளிர் முடிந்துவிடும். வந்தாலும் உன் அப்பா விடமாட்டார். ஒத்திகை பார்க்க நான் வேறு ஏதோ பூவிதையைப் பிளாஸ்டிக் பால் கேனில் போட்டு மதில்மேல் வைத்தேன். பாவம் குளிரில் கிடக்கிறதே என்று உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தார். திரும்ப வெளியே வைத்தேன், மறுநாள் பார்த்தால் உள்ளே இருக்கிறது. அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்தது அதற்கு மட்டும்தான். அதனால் நீ செய். பேக்கரியில் வெளிச்சம் ஊடுருவுகிற பெரிய பால் கேன் இருக்கும், ஒன்றைக் கேட்டு வாங்கு. நடுவில் சுற்றி வெட்டு, ஒரு பக்கம் மட்டும் விட்டுவை, பெட்டி மாதிரி திறக்கும். அடியில் ஆணியால் ஓட்டை போடு. மண் போட்டு நன்றாக நனை, விதையை மேலாகத் தூவி லேசாக அழுத்து, மண்ணால் மூடாதே. விதை பழைய காலுறை மாதிரி நாறும், கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே, உன் அம்மாவே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விதைப்பாராம். வெட்டின இடத்தை டேப்பால் ஒட்டு, கேன் வாய்க்கு மூடி வேண்டாம். பாதி விதையை மட்டும் போடு, மீதியைக் குளிர்ந்த இடத்தில் வை. கேனை வெளியே, மழையும் பனியும் படும்படி வைத்துவிட்டு வா. பனி மூடிப் போகும், மண் கல்லாகிவிடும், எல்லாம் போயிற்று என்று தோன்றும். உள்ளே எடுக்காதே. நீயும் அவர் பெண்தானே, உனக்கும் கை துறுதுறுக்கும்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை நீ தூக்கிப் போட்டிருந்தால் எனக்கு நூலக முகவரிக்கு ஒரு வரி எழுது, வீட்டுக்கு எழுதாதே, அதை அவர் தாங்கமாட்டார். இருந்தால் மட்டும், வெளியே வைத்துவிட்டு, அவருக்கு ஃபோன் செய். செடி போனதற்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். என் பேச்சையும் எடுக்க வேண்டாம், நீயாகவே செய்ததாக இருக்கட்டும். அம்மாவோட விதையை வெளியே பனியில வெச்சிருக்கேன்ப்பா என்று மட்டும் சொல். அறிவு இருக்கா உனக்கு, முதல்ல உள்ள எடு என்று கத்துவார். நீ எடுக்க மாட்டேன் என்று சொல். திரும்பக் கத்துவார், மறுநாள் எடுத்தியா என்று கேட்க அவரே ஃபோன் செய்வார், அதற்கடுத்த நாளும் செய்வார். அந்தச் சண்டைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், அதை மட்டும் அவருக்குக் கொடு.

நன்றாக இரு. அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதே, விடியற்காலையில் வேலைக்கு இறங்கும்போது காதை மூடிக்கொள். கேனை வெட்டும்போது கத்தி உன் பக்கம் திரும்பாமல் பிடி. இன்றே வை.

இப்படிக்கு,
அவங்க