வெள்ளையாக இருந்தால் போதுமாம்

அன்பு வாப்பாவுக்கு, ஆப்ரினின் ஸலாம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். கெலாங் பாத்தாவில் தினமும் மழை.

ஆலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பருத்திக் கூழை வெளுக்கும்போது சூடும் மருந்தும் அளவு மீறினால் நிறம் பளிச்சென்று வரும், ஆனால் உள்ளே இழை அறுந்துபோகும். இதை மேலாளர் யுகேந்திரனிடம் சொன்னேன். அவர் வேட்டி வாங்குகிறவர் போலக் கூழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பூத்தே லா. பாலு மாதிரி இருக்கு. நீ படிச்சத ஒப்பிக்காதம்மா, சூட்ட ஏத்து."

பூத்தே என்றால் மலாயில் வெள்ளை. தரத்துக்கு அவரிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

ஏற்றினேன். கூழை வாங்க வந்தவர்கள் அதைக் கரைத்துப் பார்த்தார்கள். பாகு போல இழுபட வேண்டியது தண்ணீராக ஓடியது.

"லேப் பொண்ணு புதுசு சார், தப்பாப் பண்ணிட்டா" என்றார் யுகேந்திரன்.

"சூட்ட ஏத்தச் சொன்னது நீங்கதானே சார்" என்றேன், அவர்கள் முன்னாலேயே.

இப்போது பொதி கட்டும் பிரிவில் இருக்கிறேன். காற்றோட்டமான இடம், கவலை வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் ஆய்வகம் திரும்பக் கிடைக்குமாம். அந்த மனிதரிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதும் அவர் கையில்தான். செய்ய மாட்டார்.

யாராவது இங்கே வந்தால் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்கள், கை வெடித்திருக்கிறது. உம்மாவைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும்.

வேன் வந்துவிட்டது. மாடி அறையை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னீர்களே, இப்போதைக்கு விட வேண்டாம்.

ஆப்ரின்