லைலின் குரலுக்கு ஒரு பெட்டி

ஜனவரி 13, திங்கள்
பெட்டி வந்துவிட்டது. ரொட்டிப் பாக்கெட் அளவுதான். வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் இனி இந்த நெட்வொர்க் டிரைவில் படங்களைச் சேர்த்து வைக்கலாமாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வீடியோ. பழைய கம்ப்யூட்டர் ஒரு வாரமாக டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. பென் டிரைவ் செருகும் துளைகளும் செத்துவிட்டன. அது மண்டையைப் போடுவதற்குள் லைல் அண்ணன் ஆடிய அந்த மூன்று மணி நேர கர்லிங் ஆட்டத்தை (ஐஸில் கல்லைச் சறுக்கவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்ப்பார்களே, அதுதான்) வெளியே எடுத்தாக வேண்டும். அவன் போய் மூன்று வருஷம். அவன் குரல் இருப்பது அதில் மட்டும்தான். பிப்ரவரி 8, அவன் நினைவுப் போட்டி விருந்தில் காட்டுகிறேன் என்று பெவ் அண்ணியிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

ஜனவரி 14
வரவேற்பறையில் வைத்தேன். என் கணவன் ஒரெஸ்டுக்கு நிம்மதியாக ஹாக்கி பார்க்க முடியவில்லையாம். "ஃபிரிட்ஜ் குட்டி போட்ட மாதிரி உறுமுது. கராஜுக்குக் கொண்டு போ."

ஜனவரி 15
வெளியே மைனஸ் முப்பத்தொன்று. காலை ஆறு மணிக்கே கராஜில் வைத்துச் செருகினேன். பச்சை விளக்கு! வீடியோ ஏற ஆரம்பித்தது. எட்டு மணிக்குப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் டிரைவைக் காணோம். போய்ப் பார்த்தேன், விளக்கு அணைந்து கிடக்கிறது. புதுசு, இரண்டு நாள்கூட ஆகவில்லை!

ஜனவரி 16
காலையில் தானாக உயிரோடு இருந்தது. எட்டு மணிக்கு மறுபடி செத்தது.

ஜனவரி 20
கம்பெனிக்குப் போன் செய்தேன். டிரைவ் சும்மா இருந்தால் தானாகத் தூங்கும் வசதியை நிறுத்தச் சொன்னான் பையன். நிறுத்தினேன். தூங்கிவிட்டது. அவனிடம் கத்தினேன். பொறுமைக்கு நன்றி என்றான்.

ஜனவரி 24
ஒரெஸ்டின் தம்பி கோர்டி வந்தான், எல்லாம் தெரிந்தவன். "ரௌட்டர்தான் கொலீன். நான்தான் அப்பவே சொன்னேனே." எப்போது சொன்னான்? மூன்று பட்டர் டார்ட் தின்றான், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினான், போய்விட்டான். இப்போது டிவியும் வேலை செய்யவில்லை.

ஜனவரி 29
பெவ் போன் செய்தாள். "அவசரம் ஒண்ணுமில்ல கொலீன். கெடைக்கலன்னா விட்டுடு." போனை வைக்கப் போனவள் மறுபடி ஆரம்பித்தாள். "அவன் எப்படிப் பேசுவான்னே எனக்கு மறந்துட்டு வருது." போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். கராஜுக்குப் போய் அந்தச் சனியன் பிடித்த பெட்டியை எட்டி உதைக்கவும் செய்தேன். கால்தான் வலிக்கிறது.

பிப்ரவரி 3
எண்பத்தொன்பது சதவீதம். எட்டு மணி. போச்சு. நாளைக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

பிப்ரவரி 5
பெட்டியைத் திட்டிக்கொண்டு நின்றேன். ஒரெஸ்ட் காபியோடு வந்தான்.
"எட்டு மணிக்கு மேல எப்படி எரியும்?"
"ஏன் எரியாது?"
"கார் இன்ஜினைச் சூடாக்குற பிளக்லதானே செருகியிருக்க. டைமர் விடிகாலை நாலு மணிக்குப் போட்டு எட்டுக்கு அணைக்கும்."
சஸ்கடூனில் பிறந்து அறுபத்திரண்டு குளிர்காலம் பார்த்தவள் நான். கார் ஒயர் பக்கத்திலேயே தொங்குகிறது. எனக்கு ஏன் உறைக்கவில்லை?
"மூணு வாரமா ஏன்யா வாயத் திறக்கல?"
"அதுக்கும் குளிருமேன்னு வேணும்னே அங்க செருகியிருக்கேன்னு நெனச்சேன்."
நான் அவனைக் கொல்லவில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன். வேறு பிளக்கில் மாற்றினேன். பன்னிரண்டரைக்கு முழுசும் ஏறிவிட்டது. சாயங்காலம் பழைய கம்ப்யூட்டர் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரேயடியாக இருண்டுபோனது.

பிப்ரவரி 8
கிளப்பில் போட்டோம். லைல் உருக்கமாக ஏதாவது பேசியிருப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஐஸில் குனிந்துகொண்டு, "தேய்ங்கடா! சோம்பேறிங்களா, தேய்ங்கடா!" பிறகு கேமராவைப் பார்த்து, "கொலீன், லென்ஸ்லேர்ந்து வெரல எடு." கூடமே சிரித்தது. பெவ்வும் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "வீட்லயும் இப்படித்தான் கத்துவான். இன்னொரு தடவ போடு." ஐந்து தடவை போட்டோம்.

பிப்ரவரி 17
பெவ்வின் போனிலிருந்தும் டிரைவைத் திறக்கும்படி செய்து கொடுத்திருந்தேன். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். ஒரெஸ்ட் வந்து, வேலைதான் முடிந்துவிட்டதே, பிடுங்கி வைக்கட்டுமா என்றான். பட்டியலைக் காட்டினேன். பெவ், பெவ், பெவ் என்று கீழே வரை படித்தான். கராஜுக்குப் போய், யாரும் பிடுங்காதபடி பிளக்கின்மேல் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டு வந்தான்.