கழற்றி வைத்த கறுப்பு வயர்

மார்ச் 3, திங்கள்

மகன் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டான். தொழிற்சாலைகளில் பாய்லர் பரிசோதிக்கிற வேலை. போனால் இரண்டு மூன்று வாரம் ஊர் ஊராகச் சுற்றுவான். கம்பெனி வண்டி வாசலில் காத்திருக்க, ஷெட்டில் நிற்கும் காரின் பானட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து கறுப்பு வயரைக் கழற்றினான். நான் டார்ச் பிடித்தேன்.

“ஓடாம நிக்கிற வண்டில வயர் மாட்டியே இருந்தா பேட்டரி செத்துடும்பா. கழட்டி வெச்சா ஒண்ணும் ஆகாது.”

உண்மைதான். காரோடு வந்த கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆனால் ஸ்பானரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவானேன்? அது கையேட்டில் இல்லை.

மருமகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கை ரவிக்கையின் நுனியை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து விட்டிருந்தாள்.

மார்ச் 5, புதன்

சாப்பாடு போடும்போது கேட்டாள். “மாமா, அந்தக் கறுப்பு வயரை மாட்டினா வண்டி ஸ்டார்ட் ஆயிடுமா?”

“தெரியலம்மா” என்றேன். தெரியாதுதான். முப்பது வருடம் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவனுக்கு மின்சாரம் சுவிட்சோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அவள் கேட்டது மின்சாரத்தைப் பற்றியா?

எழுதினால் தெளியும். கார் அவளுடையது. கண் கிளினிக்கில் வேலை பார்த்த காலத்தில் அவளே வாங்கியது. வேலையை விடச் சொன்னான், விட்டாள். போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக டாக்ஸி ஏறினாள். தெருமுனை மளிகைக்காரர் அவனுடைய சிநேகிதர். போன் போட்டுச் சொல்லிவிட்டார். பஸ் நிலையத்திலேயே பிடித்துக் கூட்டி வந்துவிட்டான். மணிக்கட்டுக் காயம் அன்று ஆனது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

நான் என் அறையில் இருந்தேன். எல்லாம் கேட்டது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

காரின் இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பவில்லை. வயரைக் கழற்ற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மார்ச் 8, சனி

பேட்டரிக் கடைக்குப் போனேன். நம் தெரு வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். திருடப் போகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

கடைக்காரர் வாய் ஓயாதவர். “வண்டி நிக்குதா சார்? நிக்கிற வண்டியும் நிக்கிற புருஷனும் வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க வீட்டம்மா சொல்லும். அதான் நான் கடையே கதின்னு கெடக்கறேன்.” சின்ன சார்ஜர் ஒன்றைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை வந்தால் நிறைந்துவிட்டது. நிறைந்த பிறகு தானே அடங்கிவிடுமாம்.

“தீப்பொறி வருமா?”

“வந்தா என்ன சார், நீங்க என்ன பெட்ரோலையா குடிச்சிருக்கீங்க?”

சிரித்து வைத்தேன். சார்ஜரும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் வாங்கினேன். பையின் மேலே செய்தித்தாளை மடித்துப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிரித்தேன். குறிப்பை நான்கு முறை படித்தேன். முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு, அதற்குப் பிறகுதான் சுவிட்ச். காற்றோட்டம் தேவை, பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வரலாம். ‘வரலாம்’ என்றால்? எவ்வளவு வரலாம்? எழுதியவன் வீட்டில் பேத்தி இல்லை போலிருக்கிறது.

சிவப்பு முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அப்படியே கிளிப்பை மாட்ட மனசு வரவில்லை. வெந்நீரில் சோடா மாவு கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். இனிப் பூக்காமலிருக்க இரண்டு முனையிலும் வாஸ்லின் களிம்பு தடவினேன். பளபளவென்று ஆனது. ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

சுவிட்சைப் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. சிவப்பு விளக்கு.

அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அது நடந்துவிடும். அதனால்தான்.

மார்ச் 13, வியாழன்

பச்சை விளக்கு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாதே. கறுப்பு வயரை முனையில் வைத்தேன் – கார் அலறத் தொடங்கிவிட்டது. ஹாரன், முன்விளக்கு, எல்லாம். திருடன் வந்தால் அலறுகிற ஏற்பாடாம். கையில் ஸ்பானரோடு சிலை மாதிரி நிற்கிறேன்.

மருமகள் ஓடி வந்தாள். கையில் சாவி! முழங்கை வரை சோப்புப் பொடி. சாவியை அமுக்கினாள். அடங்கியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் ஸ்பானரைப் பார்த்தாள், நான் சாவியைப் பார்த்தேன்.

மளிகைக்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், திருடனா?”

“எலி” என்றேன். “எலி வயரைக் கடிச்சிடுச்சு.”

அவர் போன பிறகு மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எலிக்கு ஸ்பானர் பிடிக்கக்கூடத் தெரியுது மாமா.” சிரித்துக்கொண்டே வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் என்ன செய்யட்டும்? பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“போயிடட்டுமா மாமா?”

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுப் போன் அடித்தது. மகன். “வண்டி ஏம்பா கத்துச்சு? நாளைக்கே வரேன்.”

சாவியைத் திரும்ப சோப்புப் பொடிக்குள் புதைத்தாள். நான் வயரைக் கழற்றினேன், சார்ஜரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எல்லாம் சரிதானா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எல்லாம் சரியில்லை. வாஸ்லின்!

வந்ததும் வராததுமாகப் பானட்டைத் திறந்தான். விரலில் பிசுக்கு ஒட்டியது. மோந்து பார்த்தான். “யார் கை வெச்சது?” சமையலறையைப் பார்த்துத்தான் கேட்டான்.

“நான்தான்” என்றேன். என் குரலா அது? “உப்புப் பூத்திருந்துச்சு. துடைச்சேன். வயரை மாட்டிப் பாத்தேன், கத்துச்சு. உடனே எடுத்துட்டேன்.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்துவிட்டான். “தீக்குச்சி கிழிக்கவே உங்களுக்குக் கை ஆடும். உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை?”

நம்பிவிட்டான். பயந்தாங்கொள்ளி பொய் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறான். நானும் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

காரை விற்கப் போகிறானாம். சாப்பிடும்போது சொன்னான். வெள்ளிக்கிழமை ஆளோடு வருகிறான். “நாளைக்குக் கெளம்பறேன். வர்றவன் ஓட்டிப் பாப்பான், பேட்டரில தெம்பு இருக்கணும். நீங்கதான் மெக்கானிக் ஆயிட்டீங்களே, ஒரு சார்ஜர் வாங்கிப் போட்டு வைங்கப்பா. வயரை மட்டும் மாட்டிடாதீங்க.”

“கையெழுத்து நான்தானே போடணும்?” என்றாள் மருமகள், தட்டைப் பார்த்தபடி.

“போடுவே.”

பேத்தி தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஏழு வயதுக் குழந்தை. டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்க எங்கே கற்றுக்கொண்டது?

மார்ச் 18, செவ்வாய்

மகன் நேற்றுப் போய்விட்டான். சார்ஜர் பகிரங்கமாக ஓடுகிறது. அவனே கொடுத்த அனுமதி.

நாளைக் காலை என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். அம்மா வீடு ஐந்து மணி நேர ஓட்டம். அவள் ஸ்டியரிங் பிடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வழியில் நின்றுவிட்டால்? லாரி ஏதாவது – எழுத வேண்டாம். நிற்கிற வண்டிக்குச் சார்ஜ் போடத்தான் கற்றேன். ஓடுகிற வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவன் என் மகன். நான் பெற்றது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அவனுக்கு எதிராகவா இதைச் செய்கிறேன்? இல்லை. – இல்லையா? ஆமாம், எதிராகத்தான். வேறு எப்படிச் சொல்வது?

“நீங்களும் வந்துடுங்க மாமா. தனியா அவர்கிட்ட மாட்டிக்காதீங்க.”

“நான் வந்துட்டா மளிகைக்காரரை யாரும்மா பாத்துக்கறது?”

சொன்ன பிறகுதான் நான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று புரிந்தது.

மார்ச் 19, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

வயரை மாட்டினேன். அவள் சாவியோடு பக்கத்திலேயே நின்று, கத்திய மறுநொடியே அடக்கிவிட்டாள். நட்டை இறுக்கினேன், ஆட்டிப் பார்த்தேன். பேத்தி பின் சீட்டில். நான் போய்ப் பேச்சுக் கொடுத்த பிறகு கிளப்பு என்று சொல்லிவிட்டு மளிகைக் கடைக்கு நடந்தேன். ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். சத்தம் கேட்குமே என்று பயம். எதைச் செய்தாலும் பயம்.

பல்பு கேட்டேன். மேல் தட்டில், உள்பக்கமாக இருக்கிறது. ஏணி போட்டு ஏறினார், முதுகு தெருவுக்கு. எடுத்தார். எரித்துக் காட்டச் சொன்னேன். எரித்தார். இது மஞ்சளாக இருக்கிறதே என்றேன். அடுத்தது. அது கண்ணைக் கூசுகிறது என்றேன். அடுத்தது.

“சார், நீங்க பல்பு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

அப்போது கேட்டது. எங்கள் ஷெட்டிலிருந்து, இழுத்து இழுத்து ஒரு முனகல். நின்றுவிட்டது.

செத்துவிட்டது என்று நினைத்தேன். பச்சை விளக்கு பொய் சொல்லிவிட்டது, நான் ஏதோ தப்பாக மாட்டியிருக்கிறேன், நான்தான், எப்போதும் நான்தான். மறுபடி முனகல். நின்றது. மளிகைக்காரர் தலையைத் திருப்பினார். நான் கையிலிருந்த பல்பைக் கீழே போட்டேன். வேண்டுமென்றே போட்டேனா, நழுவியதா, சத்தியமாகத் தெரியாது. படாரென்றது.

“அய்யய்யோ, அசையாதீங்க சார், கால்ல குத்திடும்!” அவர் ஏணியிலிருந்து இறங்கி, குனிந்து கண்ணாடித் துண்டு பொறுக்கினார். நானும் குனிந்து, அவருக்குத் தெரு தெரியாதபடி நின்றுகொண்டேன்.

மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கார் கடையைத் தாண்டிப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வந்தான். கார் வாங்குகிற ஆளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினான்.

“வயரை மாட்டினது யாரு?”

“நான்.”

“எங்கே?”

சொல்லவில்லை. அம்மா வீடு என்று அவனே ஊகிப்பான். அங்கே அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் வேண்டாம். மறுபடி கேட்டான். கையை ஓங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவன் இல்லை. கேட் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ரேடியோ போடவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

மகன் கம்பெனி விடுதியிலேயே தங்கிவிட்டான். போன் செய்கிறேன். எடுப்பதில்லை. மணி அடித்து ஓயும் வரை காதிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் வாங்க மருமகள் வந்தாள், காரில், அண்ணனோடு. அவளுடைய ஊரில் ஒரு கண் கிளினிக்கில் சேர்ந்துவிட்டாள். ஒரு மாதமாவது எங்களோடு வந்து இருங்கள் என்று பிடிவாதம். மறுக்கக் காரணம் யோசிப்பதற்குள் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “தெனமும் ஓட்டறேன் மாமா, அது பாட்டுக்கு இருக்கு” என்றாள்.

முன் சீட்டில் என்னை உட்கார வைத்தாள். நெடுஞ்சாலை வந்ததும் ஒரு லாரியைத் தாண்டினாள், பிறகு ஒரு பஸ்ஸை. கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் போம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.